ஒன்பது அங்குலமாகிப்போன இரும்புக் கை

யாராவது ஒரு படத்தை நீட்டி, இதைக் கொஞ்சம் சின்னதாக்கிக் கொடுங்கள் என்று கேட்டால், இன்றைக்கும் நான் முதலில் கேட்பது "எதுக்கு?" என்றுதான். கேட்டவர்களுக்கு எரிச்சல் வரும். வரட்டும். அந்த ஒரு கேள்வியைக் கேட்கத் தெரியாமல் போனதால், என் கையாலேயே ஒரு குடும்பத்தை வீட்டைவிட்டுக் கிளப்பியிருப்பேன். நல்லவேளை, அப்படி நடக்கவில்லை. இத்தனை வருஷம் கழித்தும் அதை நினைத்தால் எனக்கு நீளமாய் ஒரு மூச்சு வருகிறது.

எண்பதுகளின் கடைசி அது. மலேசியாவின் கேமரன் மலையில், கோலா தெர்லாவுக்கு மேலே இருந்த ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீஸில் நான் கிராணி, அதாவது குமாஸ்தா. வயது முப்பத்திரண்டு. பெண் கிராணியை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று லயத்து வரிசை வீட்டுச் சனங்களுக்கு ஒரே குழப்பம். கிராணியம்மா என்றால் கிராணியின் பெண்டாட்டி என்று அர்த்தம். எனக்கோ கலியாணமே ஆகவில்லை. கடைசியில் அதையே கொஞ்சம் சுருக்கி "கிராணிம்மா" ஆக்கிவிட்டார்கள். நானும் கொஞ்ச நாள் முறைத்துப் பார்த்தேன். யாரும் மாற்றிக்கொள்கிற வழியைக் காணோம், விட்டுவிட்டேன்.

அந்த வருஷம் தோட்டத்து மானேஜராகப் புதுத் துரை வந்தார். கோலாலம்பூர்க்காரர். தமிழ் தெரியாது, மலாயும் இங்கிலீஷும்தான். எதிலும் அவசரம். வந்து மூன்றே மாதத்தில் ஆபீஸுக்கு ஒரு கம்பியூட்டர் வந்து இறங்கியது. அரிசி டின் அகலத்துக்கு ஒரு திரை, கயிறு கட்டின மாதிரி ஒரு மௌஸ், ஓட ஆரம்பித்தால் லயம் வரைக்கும் கீச்சுக் கீச்சென்று கேட்கும் ஒரு பிரிண்டர். என்னை ஈப்போவுக்கு இரண்டு நாள் பயிற்சிக்கு அனுப்பினார். திரும்பி வந்தபோது நான் தரையில் நடக்கவில்லை. கர்வம் என்றால் அப்படி ஒரு கர்வம்.

அந்தக் கம்பியூட்டரில் எனக்கு ரொம்பப் பிடித்தது, வரைந்ததைப் பெரிதாக்குவதும் சின்னதாக்குவதும்தான். ஒரு படத்தின் மேல் மௌஸை வைத்துத் தட்டினால் அதைச் சுற்றி எட்டுச் சின்னக் கறுப்புக் கட்டங்கள் முளைக்கும். மூலையில் இருக்கிற கட்டத்தைப் பிடித்து இழுத்தால் படம் வளரும், உள்ளே தள்ளினால் சுருங்கும். பக்கவாட்டுக் கட்டத்தை மட்டும் இழுத்தால் கோணிக்கொள்ளும். எங்கள் எஸ்டேட் சின்னத்தில் இருந்த தேயிலைக் கொழுந்தை முதல் நாளே அப்படி இழுத்து முட்டைக்கோஸ் இலை மாதிரி ஆக்கிவிட்டேன். பிறகு மூலையைப் பிடிக்கப் பழகிக்கொண்டேன். விளையாட்டுப் போட்டி அறிவிப்பா, மருந்துக்கடைச் சீட்டா, எதுவானாலும் வேண்டிய அளவுக்கு இழுத்து, வேண்டிய அளவுக்குச் சுருக்கி, ஒரே தாளில் அடக்கிவிடுவேன். தாளில் அடங்கிவிட்டால் எனக்கு வேலை முடிந்தது. மேற்கொண்டு யோசித்ததே இல்லை.

துரைக்கும் அது பிடித்துப்போயிற்று. எஸ்டேட்டை விட்டு வெளியே போகிற எந்தக் காகிதமும் இனிமேல் கம்பியூட்டரில்தான் போக வேண்டும், மேலே பெயரும் சின்னமும் இருக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். கையால் எழுதினது, கிறுக்கினது எதுவும் வெளியே போகக்கூடாது, அது மானக்கேடு என்றார். நான்தான் அந்த உத்தரவையும் அடித்து, பெரிய எழுத்தாக்கி, ஆலை வாசலில் ஒட்டினேன்.

இப்போது ஆலை ஃபிட்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாற்பது, நாற்பத்தைந்து வயது இருக்கும். அதிகம் பேசமாட்டார். ஆலை இயந்திரங்களுக்கு நோய் வந்தால் வைத்தியம் அவர்தான். பெண்டாட்டி கொழுந்து பறிக்கிறவர். இரண்டு பெண் பிள்ளைகள். மூத்தவள் கம்போங் ராஜாவில் பள்ளிக் கடைசி வகுப்பான ஐந்தாம் படிவம் படித்தாள், அரசாங்கப் பரீட்சைக்கு இன்னும் இரண்டு மாதம்தான் இருந்தது. அதற்கு முந்தின மாதம், கொழுந்து மலையாய் வந்து குவிகிற நேரத்தில், இலை உருட்டுகிற ரோலர் ஒன்று அரை நாள் நின்றுபோயிற்று. துரை ஆலைக்கே போய், எல்லாரும் பார்க்க ஃபிட்டரை நிற்க வைத்து, இன்னொரு தடவை இப்படி ஆனால் ஈப்போவிலிருந்து வேறு ஆளைக் கொண்டுவருவேன், நீ வீட்டைக் காலி பண்ணிவிடு என்று மலாயில் சொல்லிவிட்டார். தோட்டத்தில் வேலையும் வீடும் ஒன்றுதான். வேலை போன மறுவாரம் லயத்து வீட்டுச் சாவியைக் கொடுக்க வேண்டும்.

அதே ரோலரில்தான் மறுபடியும் கோளாறு. அதைச் சுற்ற வைக்கிற இரும்புக் கை ஒன்று விரிசல் விட்டிருந்தது. தட்டையான இரும்பு, இரண்டு முனையிலும் ஒவ்வொரு ஓட்டை, பதினைந்து அங்குல நீளம். ஃபிட்டர் அதைக் கழற்றி, விரிசலில் வெல்டிங் போட்டு, ஒரு பழுப்புத் தாளின் மேல் படுக்க வைத்துப் பென்சிலால் சுற்றிக் கோடு போட்டுக்கொண்டு, மறுபடியும் மாட்டி மெல்ல ஓட்டிக்கொண்டிருந்தார். புதுக் கை ஈப்போவில் ஒரு வார்ப்புப் பட்டறையில் வார்த்து வர வேண்டும். இரும்பு இங்கே ஓடிக்கொண்டிருந்ததால் தாள் மட்டும்தான் கீழே போக முடியும். அந்தத் தாளோடு ஒரு திங்கட்கிழமை காலையில் ஆபீஸுக்கு வந்தார்.

"என்னண்ணே இது, மீன் சுத்துன பேப்பரா?" என்றேன். உண்மையிலேயே அதில் எண்ணெயும் கரியும் அப்பியிருந்தது.

"ஈப்போவுக்குப் போகணும் கிராணிம்மா. எப்பவும் இதத்தான் அனுப்புவோம்."

"எத்தன அங்குலம், எத்தன அகலம், ஒன்னும் எழுதலயே?"

"எழுதுறதில்லம்மா. தவுக்கேக்குத் தெரியும்."

தவுக்கே என்றது பட்டறை முதலாளியான சீனரை. சரி, அவருக்குத் தெரியுமென்றால் எனக்கென்ன? ஆனால் துரையின் உத்தரவு இருக்கிறதே. "இத இப்படியே அனுப்ப முடியாதுண்ணே. உக்காருங்க, கம்பியூட்டர்ல வரைஞ்சு தர்றேன். பாத்து அசந்துடுவீங்க" என்றேன். ஸ்கேலை வைத்துப் பழுப்புத் தாளை அளந்து, திரையில் வட்டம் போட்டு, கோடு போட்டு, வளைவைச் சரிபண்ணி, ஒரு மணி நேரம் உட்கார்ந்து வரைந்தேன். சும்மா சொல்லக்கூடாது, அழகாகத்தான் வந்தது. ஒரே தொல்லை, பதினைந்து அங்குலம் தாளுக்கு வெளியே போய்விட்டது. மேலே எஸ்டேட் பெயரும் சின்னமும் வேறு இடத்தை அடைத்துக்கொண்டன. நான் என்ன செய்வேன்? வழக்கம்போல மூலையைப் பிடித்து உள்ளே தள்ளினேன். இரும்புக் கை மெதுவாகச் சுருங்கி, ஒன்பது அங்குலத்தில் தாளின் நடுவே வந்து நின்றது.

அடித்து எடுத்து ஃபிட்டரிடம் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்தார். "நல்லா இருக்கு கிராணிம்மா" என்றார். பிறகென்ன, எனக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. பழுப்புத் தாளைச் சுருட்டிக் குப்பைத் தொட்டியில் போட்டேன். புதுத் தாள் அன்று மத்தியானமே தேயிலைப் பெட்டி லோரியில் ஈப்போவுக்கு இறங்கிவிட்டது.

புதன்கிழமை வெல்டிங் விட்டுப்போயிற்று. கை இரண்டு துண்டாகிவிட்டது, ரோலர் நின்றது. துரை மறுபடியும் ஆலைக்குப் போனார். நானும் கணக்குத் தாளோடு பின்னால் நின்றேன். இந்தத் தடவை அவர் கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது. வெள்ளிக்கிழமை புதுக் கை வரும், சனிக்கிழமை ரோலர் ஓட வேண்டும், பொருந்தவில்லை என்றால் திங்கட்கிழமை நீ வீட்டுச் சாவியோடு ஆபீஸுக்கு வா என்று மட்டும் சொன்னார். ஃபிட்டர் "யா துவான்", சரி ஐயா என்று தலையாட்டினார். எனக்கு அவர்மேல் பரிதாபமாக இருந்தது. கூடவே, நல்லவேளை படத்தை நான் அவ்வளவு சுத்தமாக வரைந்து அனுப்பினேன் என்று ஒரு திருப்தியும் இருந்தது. இதை எழுதும்போது என் தலையில் நானே குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது.

வியாழக்கிழமை காலை பத்து மணி இருக்கும். பேக்கிங் பகுதியில் வேலை செய்யும் அக்கா ஒருவர் கையில் ஒரு கத்தைத் தாளோடு ஆபீஸ் ஜன்னலுக்கு வந்தார். தேயிலைப் பெட்டியில் ஒட்டுவதற்கு நான் அடித்துக் கொடுத்த லேபிள்கள். அந்த அக்காவுக்கு வாய் கொஞ்சம் நீளம்.

"கிராணிம்மா, இது பெட்டிக்கு ஒட்டுறதா, தீப்பெட்டிக்கு ஒட்டுறதா? பெட்டியில இருக்கிற கட்டத்துல வச்சா நடுவுல பொட்டு வச்ச மாதிரி நிக்குதுலா!"

"கட்டம் எத்தன அங்குலம்னு குடுத்தீங்களோ அந்த அளவுக்குத்தான் வரைஞ்சேன்."

"வரைஞ்சீங்க. வந்தது இதுதானே!"

வாங்கி ஸ்கேலை வைத்துப் பார்த்தேன். ஆறு அங்குலத்துக்கு வரைந்தது மூன்றரையாக இருந்தது. ஒரு தாளில் நிறைய அடங்கட்டும் என்று மூலையைப் பிடித்துத் தள்ளியிருந்தேன். எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த அக்காவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவள், பாதியில் நிறுத்திவிட்டேன். படம் சுருங்கினால் பெட்டி சுருங்காதே. அப்படியானால் அந்த இரும்பு?

ஆலைக்கு ஓடினேன். ஃபிட்டர் நின்றுபோன ரோலர் பக்கத்தில் குந்தியிருந்தார்.

"அண்ணே, அந்தப் பேப்பர வச்சு ஈப்போவுல என்ன பண்ணுவாங்க?"

நிமிர்ந்து பார்த்தார். "பலகையில ஒட்டுவாங்க. கோட்டு மேலயே அறுப்பாங்க. அறுத்த பலகைய மண்ணுல அமுக்கி, பள்ளத்துல இரும்ப ஊத்துவாங்க."

"அளந்து பாக்க மாட்டாங்களா?"

"எதுக்கும்மா அளக்கணும்? பேப்பரே அளவுதானே. இத்தன வருஷம் அப்படித்தான்."

ஐயோ, என் கடவுளே. "அண்ணே, நான் அத சின்னதாக்கிட்டேன். தாளுல அடங்கலன்னு சுருக்கிட்டேன். ஒம்போது அங்குலம்தான் போயிருக்கு. என்ன மன்னிச்சிடுங்க" என்று கொட்டிவிட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அவர் இரண்டு துண்டான இரும்பை எடுத்து ஒரு கோணியில் போட்டுக் கட்டினார். அவ்வளவு வேகமாக அவர் எதையும் செய்து நான் பார்த்ததில்லை.

"போன் பண்ணிப் பாக்குறேன், இருங்க" என்று ஆபீஸுக்குத் திரும்பினேன். முந்தின நாள் மழையில் லைன் படுத்திருந்தது. துரை ஒரு கூட்டத்துக்காகத் தானா ராத்தா போயிருந்தார். அவர் சொல்லாமல் எஸ்டேட் லோரியை எடுக்க முடியாது. காத்திருந்தால் அங்கே இரும்பை ஊற்றிவிடுவார்கள். அவர் மேசையில் ஒரு சீட்டு எழுதி வைத்தேன்: அவசர வேலையாக ஈப்போ போகிறேன் என்று. தப்பு என்னுடையது என்று எழுதக் கை வரவில்லை. கோழை. எழுதாமலேயே கிளம்பிவிட்டேன்.

ஃபிட்டரின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து, மடியில் இரும்புக் கோணியோடு, கோலா தெர்லாவுக்கு இறங்கினேன். சரிவில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் அத்தனை பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். சாதாரண நாளாயிருந்தால் வெட்கத்தில் செத்திருப்பேன். அன்றைக்கு அதற்கெல்லாம் நேரமில்லை. கீழே ஒரு லோரி முட்டைக்கோஸ் ஏற்றி முடித்துத் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தது. லோரிக்காரர் நம் ஆள், சொந்தமாகக் கோஸ் தோட்டம் வைத்திருந்தவர். எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு, "ஆஸ்பத்திரியா?" என்று கேட்டார்.

"அதுக்கும் மேல. ஈப்போ போகணும்ணே, சீக்கிரம்" என்றேன்.

"ஏறுங்கலா, ஏறுங்க."

தாப்பா இறக்கத்து வளைவுகளைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. பத்தாவது வளைவிலேயே எனக்குக் குடல் வாய்க்கு வந்துவிட்டது. ஜன்னலில் தலையை நீட்டினேன். "கிராணிம்மா, கோவிச்சுக்காதீங்க. பின்னால கோஸ் மேல படாம எடுங்க, பாசார்ல விக்கணும்" என்றார் லோரிக்காரர். அந்த நிலையிலும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஃபிட்டர் என் பக்கம் திரும்பவே இல்லை. கோணியைக் காலுக்கு இடையில் வைத்துக்கொண்டு ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கீழே வெயில் சுட ஆரம்பித்த பிறகு ஒரே ஒரு தடவை பேசினார். "மூத்தவளுக்குப் பரீட்சை முடியட்டும்னுதான் பாக்குறேன்" என்றார். நான் வாயைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பட்டறைக்குள் நுழைந்தபோது மணி நாலு. உலை இரைந்துகொண்டிருந்தது. தவுக்கே பனியனோடு வந்து, கவலைப்படாதே, எல்லாம் தயார் என்று மலாயில் சொல்லிச் சிரித்தார். உள்ளே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். கறுப்பு மண்ணில், என் படம் அப்படியே, ஒரு பிசிறு இல்லாமல் பதிந்து கிடந்தது. ஒன்பது அங்குலம். என் எஸ்டேட் தாள் ஒட்டிய பலகை பக்கத்தில் சாய்ந்திருந்தது. இன்னும் இரும்பை ஊற்றவில்லை. அரை மணி நேரத்தில் ஊற்றப்போகிறார்கள்.

ஃபிட்டர் கோணியை அவிழ்த்தார். உடைந்த இரண்டு துண்டையும் எடுத்து, ஒன்றோடொன்று சேர்த்து, அந்தப் பள்ளத்தின் பக்கத்திலேயே மண்ணில் படுக்க வைத்தார். பெரிய ஆளும் கைக்குழந்தையும் பக்கத்தில் படுத்திருக்கிற மாதிரி இருந்தது.

"அலாமாக்!" என்றார் தவுக்கே. பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்து, செருப்புக் காலாலேயே அந்த மண்ணைத் தேய்த்துச் சமமாக்கிவிட்டார். என் அழகான படம் காணாமல் போயிற்று. என் வாழ்க்கையில் நான் செய்த ஒரு வேலையை இன்னொருவர் காலால் அழித்ததைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்டது அன்றைக்கு மட்டும்தான். அங்கேயே ஒரு மரப்பெட்டியில் உட்கார்ந்து அழுதேன். தவுக்கே பயந்துபோய் எனக்குச் சோயா தண்ணீர் வாங்கிவரச் சொன்னார்.

காலையிலிருந்து சாப்பிடவில்லை என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது. எதிரில் மாமாக் கடை, தமிழ் முஸ்லிம்காரர் சாப்பாட்டுக் கடை. மூன்று ரொட்டி சானாய் சாப்பிட்டேன். ஃபிட்டர் தேநீர் மட்டும் குடித்தார். அன்று நான் ஈப்போவில் என் அக்கா வீட்டில் தங்கிக்கொண்டேன். அவர் பட்டறையை விட்டு நகரமாட்டேன் என்றுவிட்டார். வெள்ளிக்கிழமை காலையில் சரியான அளவில் ஊற்றினார்கள். ஆறின பிறகு ஓட்டை போட்டுக் கொடுத்தார்கள். சாயங்காலம் அதே லோரியில் ஏறினோம். இறங்கும்போது கோஸ் என்றால் ஏறும்போது கோழி எரு. நாற்றம் குடலைப் பிடுங்கியது. ஆனாலும் வழி நெடுக எனக்கு வாந்தியே வரவில்லை.

சனிக்கிழமை காலை ஆலையில் கூட்டம். துரை கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஃபிட்டர் புதுக் கையைத் தூக்கிப் பொருத்தினார். முதல் ஓட்டையில் ஆணி இறங்கியது. இரண்டாவது ஓட்டையில் கொஞ்சம் தட்ட வேண்டியிருந்தது. ஒரு தட்டு, இரண்டு தட்டு, இறங்கிவிட்டது. சுவிட்சைப் போட்டார்கள். ரோலர் முனகிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றியது, பிறகு சீராகச் சுற்ற ஆரம்பித்தது. பேக்கிங் அக்கா கை தட்டினார். எனக்கு நெஞ்சில் பாலை வார்த்த மாதிரி இருந்தது.

அதோடு முடியவில்லை. துரை எங்கள் இருவரையும் ஆபீஸுக்குக் கூப்பிட்டார். கேட்காமல் எப்படிப் போனீர்கள் என்றார். அனுப்பிய படம் தப்பாக இருந்தது, அதனால் போனோம் என்றார் ஃபிட்டர், மலாயில். யார் தப்பு, கோடு போட்டது நீதானே என்றார் துரை. ஃபிட்டர் தலையைக் குனிந்துகொண்டு, ஆமாம் துவான், நான்தான் என்றார்.

எனக்கு எங்கிருந்து அந்தக் கோபம் வந்ததோ. "அவர் இல்லை, நான்!" என்று இங்கிலீஷில் கத்தியேவிட்டேன். துரையிடம் அதுவரைக்கும் நான் குரலை உயர்த்தியதில்லை. அவர் போட்ட கோடு சரி, அதைச் சுருக்கியது நான், சீட்டில் அதை எழுதாமல் போனதும் நான், சாவி கேட்பதென்றால் என் சாவியைக் கேளுங்கள் என்றேன். துரை என்னையே பார்த்தார். எப்படிச் சுருங்கும், காட்டு என்றார். கம்பியூட்டரைப் போட்டு, ஒரு கட்டம் வரைந்து, மூலையைப் பிடித்து உள்ளே தள்ளிக் காட்டினேன். துரை திரையருகே குனிந்து பார்த்தார். பிறகு மெதுவாக, போன வாரம் தலைமை ஆபீஸுக்கு அனுப்பினோமே எஸ்டேட் வரைபடம், அதையும் நான் சொல்லித்தானே ஒரே தாளில் அடக்கினாய் என்று கேட்டார். ஆமாம் என்றேன். அதன் அடியில் ஒரு அங்குலத்துக்கு இத்தனை தூரம் என்று போட்டிருந்ததே, அதை மாற்றினாயா என்றார். இல்லை என்றேன். அந்தக் கணக்கில் அளந்து பார்த்தால் எங்கள் எஸ்டேட்டே சுருங்கிப்போயிருக்கும். துரையின் முகம் போன போக்கை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். உடனே போனைக் கையில் எடுத்தார். லைன் சரியாகிவிட்டிருந்தது. ஃபிட்டரைப் பார்த்து, வீட்டைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை, நீ வேலையைப் பார் என்று கையசைத்தார்.

வெளியே ஆபீஸ் படியில் வந்து நின்றோம். எனக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்ட மாதிரி இருந்தது. சிரித்துக்கொண்டே அவரைப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. காற்சட்டைப் பையில் கையை விட்டு, நாலாக மடித்த ஒரு பழுப்புத் தாளை எடுத்து என்னிடம் நீட்டினார். பிரித்தேன். இரும்புக் கையின் கோடு. முழு அளவு, பதினைந்து அங்குலம்.

"என்னண்ணே இது?"

"புதன்கெழம சாயங்காலம் ஒடஞ்சத வச்சு வரைஞ்சேன். லோரிக்காரங்க யார்கிட்டயாச்சும் குடுத்து அனுப்பலாம்னு கோலா தெர்லா வரைக்கும் போயிட்டு, தைரியம் வராம திரும்பி வந்துட்டேன்."

"புதன்கிழமையா? அப்பவே தெரியுமா உங்களுக்கு?"

"திங்கக்கெழமயே தெரியும் கிராணிம்மா. கையில வாங்குனதுமே தெரியும். சின்னதா இருந்துச்சு."

எனக்குக் கத்தலாகத்தான் வந்தது. "ஏண்ணே சொல்லல? நல்லா இருக்குன்னுதானே சொன்னீங்க! வீடு போயிருக்குமேண்ணே! புள்ள பரீட்சைய விட்டுட்டுப் போயிருப்பாளே!"

"ஆபீஸ்லேருந்து வந்த பேப்பர். மேல எஸ்டேட் பேரு வேற போட்டிருக்கு. தப்புன்னு நான் எப்படிச் சொல்றது? ஏற்கெனவே தொர கடுப்பா இருக்காரு. ஈப்போவுலயும் கம்பியூட்டர் இருக்கும், அவங்க திரும்பப் பெருசாக்கிக்குவாங்கன்னு மனசத் தேத்திக்கிட்டேன்" என்றார். பிறகு, "நீங்க ஓடி வந்து கேட்டீங்களே, அப்பதான் எனக்கு உசுரே வந்துச்சு" என்றார்.

அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். நாலு நாள் அந்த மனுஷன் இதைச் சுமந்துகொண்டு அலைந்திருக்கிறார். பக்கத்திலேயே, கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில், நான் உட்கார்ந்து விளையாட்டுப் போட்டிக்கு எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டிருந்திருக்கிறேன். வெட்கமாகவும் இருந்தது, போகாத வீட்டை நினைத்து நிம்மதியாகவும் இருந்தது. நிம்மதிதான் அதிகம், பொய் சொல்வானேன்.

"உள்ள வாங்க" என்றேன். வர மறுத்தார், காலில் எண்ணெய் என்றார். பரவாயில்லை என்று இழுத்துக்கொண்டு போய், முதல் தடவையாக என் மேசைக்கு இந்தப் பக்கம், என் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார வைத்தேன். அவர் சட்டைப் பையில் ரோலரிலிருந்து கழற்றின ஓர் இரும்பு வளையம் இருந்தது. அதைக் கேட்டு வாங்கி, அளந்து, திரையில் வரைந்து, அடித்து எடுத்துத் தாளை அவர் முன்னால் வைத்தேன்.

"சொல்லுங்க. சரியா இருக்கா?"

வளையத்தைத் தாளின் மேல் வைத்தார். குனிந்து பார்த்தார். துரையின் அறைக் கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"இல்ல கிராணிம்மா. ஒரு அரிசி அளவு பெருசா இருக்கு."

நான் மூலையைப் பிடித்துக் கொஞ்சம் உள்ளே தள்ளி, மறுபடியும் அடித்து எடுத்தேன்.

"இப்போ?"

"இன்னும் இல்ல" என்றார், இந்தத் தடவை கொஞ்சம் சத்தமாகவே.